மூன்று சாண், நாலு விரல்

நான் ஒரு நூதனசாலை நடத்தியவள். இதைச் சொன்னால் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். ஐம்பதுகளின் நடுப்பகுதியில், கல்முனைக்குக் கிட்ட எங்கள் ஊரில், கிராமச் சபை முன்பு நெல் அடுக்கி வைத்திருந்து பிறகு கைவிட்ட ஒற்றை அறையில் அது இருந்தது. கூரை இரண்டு இடத்தில் ஒழுகும். ஒரு யன்னலுக்குக் கதவே இல்லை. அப்படியிருந்தும் அது நூதனசாலைதான். "சதுப்பும் எங்கள் சனமும்" என்று நானே ஒரு பலகையில் எழுதி வாசலில் தொங்கவிட்டிருந்தேன்.

ஆசிரியப் பயிற்சிக்குப் போயிருந்த காலத்தில் எங்களைக் கொழும்புக்குக் கூட்டிப்போய் ஒரு நூதனசாலையைக் காட்டினார்கள். அரசன் இருந்த கதிரை, அரசன் பிடித்த வாள், அரசி போட்ட காப்பு எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, கூட்டிவந்த ஆசிரியையிடம், "இவங்க எல்லாரும் என்னத்தத் திண்டாங்க டீச்சர்? நெல்லு விளஞ்ச சேத்தக் காணல்லியே" என்று கேட்டேன். அவர் என்னை முறைத்தார். என்னை யாராவது முறைத்தால் போதும், அந்தக் காரியத்தைச் செய்து முடிக்காமல் விடமாட்டேன்.

எங்கள் ஊருக்குக் கிழக்கே கடல், மேற்கே சதுப்பு. நடுவில் கிடக்கும் மணல் மேட்டில்தான் வீடு, பள்ளிவாசல், சந்தை எல்லாம். மாரியில் மாவடிப்பள்ளிப் பக்கம் முழுவதும் ஒரே வெள்ளமாக நிற்கும். தோணி இல்லாமல் வயலுக்குப் போக முடியாது. கோடையில் அதே இடத்தில் ஒரு வாளி தண்ணீருக்கு இரண்டு பேர் சண்டை பிடிப்பார்கள். கடலைப் பற்றிப் பெருமையாகக் கதைப்பதற்கு ஊரில் ஆட்கள் நிறைய. எங்களுக்குச் சோறும் மீனும் பாயும் தந்தது இந்தச் சேறு. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை என்பதுதான் என் கோபம்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பெண்கள் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பின்னேரங்களில் உம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சாமான் கேட்டேன். ஆண்கள் கேட்டிருந்தால் படலையோடு திருப்பி அனுப்பியிருப்பார்கள். நான் நேரே அடுப்படிக்கே போய்விடுவேன். மீன் பிடிக்கும் கரப்பு, பன்புல் அறுக்கும் கத்தி, அந்தப் புல்லில் இழைத்த பாய், எருமைக்குக் கட்டிய மணி, வயற்பரணில் கிளி விரட்டிய தட்டை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. பக்கத்துத் தமிழ்க் கிராமமான வீரமுனையிலிருந்து ஒரு விவசாயி, தன் தகப்பன் வலித்த துடுப்பைத் தோளில் வைத்து நடந்தே கொண்டுவந்து தந்தார். ஆனால் எங்கள் சனத்திடம் ஒரு குணம் உண்டு. பெரிய மனிதர் பார்க்க வருகிற இடத்துக்கு அழுக்குச் சாமான் அனுப்புவது மானக்கேடு. நாற்பது வருடம் சேற்றில் கிடந்த கரப்பைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, மணமகள் மாதிரி அனுப்புவார்கள். "இத ஏன் கழுவின நீங்க?" என்று நான் தலையில் அடித்துக்கொண்டால், "ஊத்தையோட குடுக்கவா புள்ள?" என்று அவர்கள் கோபிப்பார்கள்.

இப்படி மற்றவர்களைத் திட்டிய நான்தான் எல்லாரையும்விடப் பெரிய முட்டாள்தனத்தைச் செய்தேன். அதைச் சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

என் காக்கா, அதாவது மூத்த சகோதரர், வட்டைவிதானையாக இருந்தார். ஒரே வாய்க்காலில் நீர் குடிக்கும் வயல்வெளியை எங்கள் பக்கத்தில் வட்டை என்போம். அந்தத் தண்ணீரை ஞாயமாகப் பங்கிட்டு விடுவதற்கு விவசாயிகள் கூடித் தெரிவு செய்யும் ஆள்தான் வட்டைவிதானை. காக்காவை ஒன்பது போகம் தொடர்ந்து தெரிவு செய்திருந்தார்கள். வீரமுனைத் தமிழரும் எங்கள் ஊர் முஸ்லிம்களும் அவர் பெயரில் ஒரு குறை சொன்னதில்லை. அவருக்குப் படிப்பில்லை, காணியும் பெரிதாக இல்லை. அவரிடம் இருந்த ஒரே சொத்து அந்த நல்ல பெயர்.

பிரதான வாய்க்கால் மேல்வட்டைக்கும் கீழ்வட்டைக்கும் இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு மருதங்கட்டை குறுக்கே கிடந்தது. அதில் இரண்டு வெட்டு. ஒரு வெட்டால் வழியும் தண்ணீர் மேல்வட்டைக்கு, மற்றதால் வழிவது கீழ்வட்டைக்கு. மேல்வட்டையில் காணி கூடுதல், ஆகவே அந்த வெட்டு அகலம். இவ்வளவுதான். அதைச் செதுக்கியது யார், எந்தக் காலத்தில் என்று ஒருவருக்கும் தெரியாது. பங்குக்கட்டை என்பார்கள். கோடைப்போகம் முடிந்து வாய்க்கால் வற்றினால் அதன் மேல் சேறு அப்பி, ஈரவைக்கோல் போட்டு மூடிவிடுவார்கள். ஏன் மூடுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

"உங்கட வட்டையில ஆகப் பழைய சாமான் எது காக்கா?" என்றுதான் கேட்டேன். அவர் தங்கச்சிக்கு இல்லையென்று சொல்லத் தெரியாத மனிதர். அறுவடை முடிந்த ஒரு வெள்ளிக்கிழமை காலையில், யாரிடமும் கேட்காமல், கட்டையைக் கிளப்பி வண்டிலில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். "மாரிக்கு இது தேவையில்ல. எங்க பார்த்தாலும் தண்ணிதானே. கோடை விதைப்புக்கு முதல் திருப்பித் தந்திரு" என்றார்.

கறுப்பாக, ஈரமாக, மீன் வாடையோடு அது கிடந்தது. நூதனசாலைக்கு வரும் எதையும் உடனே அளந்து பதிவுக் கொப்பியில் எழுதுவது என் வழக்கம். முஸ்லிம் பாடசாலை, வெள்ளிக்கிழமை பூட்டு. அளக்கும் அடிமட்டம் தலைமையாசிரியரின் அலுமாரிக்குள். நான் பொறுமைக்காரி இல்லை. கையாலேயே அளந்தேன். மேல்வெட்டு: மூன்று சாண், நாலு விரல். கீழ்வெட்டு: இரண்டு சாண், ஆறு விரல். இரண்டும் எட்டு விரல் ஆழம். எழுதி முடித்துக் கையைக் கழுவினேன்.

பிறகு, ஈரமரத்தைக் கறையான் தின்றுவிடும் என்று பயந்து, கட்டையை முற்றத்தில் இழுத்துப் போட்டு ஒரு கிழமை வெயிலில் காயவைத்தேன். தேங்காயெண்ணெய் வேறு பூசினேன். அடுத்த மாதங்களில் அதில் வெடிப்புகள் ஓடின. மருதமுனையில் வாங்கிய கைத்தறித் துணியை மேசையில் விரித்து, கட்டையை அதன் மேல் வைத்து, "இதன் பிளவுகளில் பழமையின் அழகைக் காணலாம்" என்று அட்டையில் எழுதி வைத்தேன். அந்த வசனத்தை இப்போது நினைத்தாலும் எனக்குக் காது சுடுகிறது.

சொன்னபடி விதைப்புக்கு முன் கட்டை திரும்பிப் போனது. காக்கா அதைப் பழைய இடத்தில், பழைய கற்களின் மேல் வைத்தார். பயிர் குடலைப் பருவத்துக்கு வந்தபோது, கதிர் வெளிவர ஆயத்தமாகும் அந்த நேரத்தில், பிரச்சினை தொடங்கியது.

துடுப்புத் தந்த அந்த வீரமுனை விவசாயிதான் முதலில் வந்தார். அவருக்குக் கீழ்வட்டையில் காணி. வாயில் பட்டதைப் பட்டென்று சொல்பவர். எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று, "விதானையார், எங்கட பக்கம் தண்ணி குறையிது. முழங்காலுக்கு நாலு விரல் கீழ நிண்ட தண்ணி, இப்ப கணுக்காலோட நிக்கிது. குடலைப் பயிர் காயுது" என்றார்.

"கட்டை கிடந்த இடத்திலதான் கிடக்கி. நான் கை வைக்கல்ல" என்றார் காக்கா. "கட்டை ஒரு நாளும் பொய் சொல்லாது."

"கட்டை சொல்லாது. நான் கட்டையக் கேக்கல்ல" என்றுவிட்டு அவர் போனார்.

இரண்டு கிழமையில் கதை சந்தை வரை போய்விட்டது. விதானையார் மேல்வட்டைக்காரரிடம் கையூட்டு வாங்கித் தண்ணீரைத் திருப்பிவிட்டார் என்றார்கள். "தண்ணிக் கள்ளன்" என்று யாரோ சொன்னதை உம்மா மீன் வாங்கும் இடத்தில் தன் காதாலேயே கேட்டுவிட்டு, மீன் வாங்காமல் திரும்பி வந்தார். கூடுதலாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்த மேல்வட்டைக்காரர் வாயில் கொழுக்கட்டையோடு இருந்தார்கள். காக்காவோ ஒவ்வொரு நாளும் போய்க் கட்டையைப் பார்த்துவிட்டு வருவார். பிழை தன் கண்ணில்தான் என்று நினைத்தாரே தவிர, கட்டையைச் சந்தேகிக்க அவருக்கு மனம் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் மனைவி வீட்டில்தான் குடியிருப்பான். காக்காவும் அப்படித்தான், ஆனால் ஒவ்வொரு நாள் காலையிலும் உம்மாவின் கையால் ஒரு பிளேன்டீ குடிக்க எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுத்தான் வயலுக்குப் போவார். அந்த நாட்களில் வந்து, குடிக்காமல் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எங்கள் பகுதிக்குப் பெரிய அரசாங்க அதிகாரியான டி.ஆர்.ஓ. நூதனசாலையைப் பார்க்க வரப்போகிறார் என்று கடிதம் வந்தது. பதிவுக் கொப்பியைத் திருத்தமாகப் பிரதி பண்ண உட்கார்ந்தேன். பங்குக்கட்டையின் பக்கத்துக்கு வந்தபோது கை நின்றது. இரண்டு வெட்டும் எட்டு விரல் ஆழம் என்று என் கையெழுத்தில் இருந்தது. மேசையில் கிடந்தபோது மேல்வெட்டின் அடியில் ஓடிய நீண்ட வெடிப்பு கண்ணுக்குள் வந்தது. பழமையின் அழகு!

உம்மாவையும் குடையையும் இழுத்துக்கொண்டு வாய்க்காலடிக்கு ஓடினேன். பார்க்கத் தெரிந்தவளுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. மேல்வெட்டின் ஓரம் வெடித்துக் கழன்று, அடியாலும் தண்ணீர் நழுவிக்கொண்டிருந்தது. கட்டை முறுகி, கீழ்வெட்டுப் பக்கம் இரண்டு விரல் உயர்ந்து நின்றது. சேற்றுக்குள் ஈரமாக இருந்தவரை நூறு வருடமும் அசையாத மரம் அது. அதைக் காயவிடக் கூடாது என்றுதான் ஒவ்வொரு கோடையிலும் மூடி வைத்தார்கள். நான் ஒரு கிழமை வெயிலில் போட்டு, எண்ணெய் பூசி, அலங்காரம் பண்ணினேன்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் காக்காவின் பெயர் போய்க்கொண்டிருந்தது, அதைப் போக்கியது நான். அன்றைக்கே அவரிடம் சொன்னேன். "நாந்தானே கேக்காமக் கிளப்பினன்" என்றார். அதன் பிறகு என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. அடுத்த நாள் தேநீருக்கும் வரவில்லை. அவர் என்னை அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு நொந்திருக்காது.

அந்தக் கிழமையே அவர் இரண்டு வட்டைக்காரரையும் வாய்க்காலடியில் கூட்டி, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். விதானை வேலையை விட்டுவிடுகிறேன் என்றும் சொன்னாராம். ஆனால் அவர் விட்டால் தண்ணீர் சரியாகிவிடுமா? புதுக்கட்டை போட வேண்டும்; எந்த அளவில்? மேல்வட்டைக்காரர் நாலு சாண் என்றார்கள். கீழ்வட்டைக்காரர் சரிபாதி என்றார்கள். பழைய கட்டை வெடித்து முறுகியதில் அதை நம்பி அளக்க முடியாது; பழைய அளவு ஒருவர் தலையிலும் இல்லை. கட்டை இருக்கும்போது அளவை யார் மனப்பாடம் பண்ணுவான்? காக்கா என் பதிவுக் கொப்பியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அதற்கு அந்த வீரமுனைக்காரர், "கொப்பி எனக்கு வாசிக்கத் தெரியா. அளந்த கை வரட்டும். கைய நான் பார்க்கிறன்" என்றாராம்.

இதையெல்லாம் காக்கா படலையடியில் நின்று, எனக்கல்ல, உம்மாவுக்குச் சொன்னார். "இவ்வளவு ஆம்புளைகளுக்கு முன்னால என்ட தங்கச்சிய வாய்க்காலுக்குள்ள இறக்க ஏலா உம்மா. என்ட பேர் போனாப் போகட்டும்" என்றார்.

நான் உள்ளேயிருந்து வெளியே வந்தேன். "கட்டையக் காயவைக்கக்குள்ள வெட்கப்படாதவள் இப்ப என்னத்துக்கு வெட்கப்படணும்? நான் வாறன்" என்றேன். உம்மா குடையை எடுத்தார். அதுதான் உம்மாவின் தீர்ப்பு.

வாய்க்காலடியில் அறுபது, எழுபது பேர் நின்றார்கள். ஓடாவியார், அதாவது தச்சர், புதிய மருதங்கட்டையைப் போட்டு வைத்துக் காத்திருந்தார். நான் முக்காட்டை இறுக்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். சேறு கெண்டைக்கால் வரை வந்தது.

வீரமுனைக்காரர் முன்னால் வந்தார். "டீச்சர், குறை நினைக்காதீங்க. அண்டைக்கு அளந்த கையும் இண்டைக்கு அளக்கிற கையும் ஒண்டுதான் எண்டதுக்கு என்ன சாட்சி?"

அவருக்குப் பின்னால் நின்ற ஒருவர் தோளில், நூதனசாலையிலிருந்து எடுத்துவந்த துடுப்பு இருந்தது. வீரமுனைக்காரரின் தகப்பன் வலித்த அதே துடுப்பு. அதையும், அவர் கொண்டுவந்த நாளிலேயே, அவர் பார்த்திருக்கக் கையால் அளந்து எழுதியிருந்தேன். நான் கொண்டுவந்த கொப்பி ஓடாவியாரின் கையில். கேள்வி எனக்கு உடனே விளங்கியது. ஆள் கெட்டிக்காரர். என்னைக் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"சாட்சிய நீங்களே கொண்டு வந்திரிக்கீங்களே" என்றேன்.

துடுப்பை வரப்பில் கிடத்தினார்கள். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து, சாண் சாணாக வைத்துப் போனேன். எல்லாருக்கும் கேட்கும்படி எண்ணினேன். எட்டுச் சாண், மூன்று விரல். "கொப்பியில என்ன இரிக்கி?" என்று கேட்டேன். ஓடாவியார் ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு, "எட்டுச் சாண், மூணு விரல்" என்றார். வீரமுனைக்காரர் தலையாட்டினார். "ஓம். இனிக் கட்டையில வையுங்க" என்றார்.

மேல்வெட்டுக்கு மூன்று சாண், நாலு விரல் வைத்தேன். ஓடாவியார் கரியால் கோடு போட்டார். கீழ்வெட்டுக்குக் கை வைத்தபோது உள்ளுக்குள் ஒரு எண்ணம் வந்தது. இவர்களுடைய பயிர் என்னால்தான் காய்ந்தது. விரலைக் கொஞ்சம் எட்டி வைத்தால் என்ன? ஒரு விரல் தூரம், யாருக்குத் தெரியப்போகிறது? மனம் அந்தப் பக்கம் சாய்ந்தது உண்மை. கை சாயவில்லை. நான் பட்ட கடனை மேல்வட்டைக்காரன் தண்ணீரில் கழிக்க எனக்கு என்ன உரிமை? இரண்டு சாண், ஆறு விரல். ஆழம் எட்டு, எட்டு. அவ்வளவுதான் என்று நிமிர்ந்தேன்.

அன்று பின்னேரமே கட்டை வாய்க்காலுக்குள் இறங்கியது. வீரமுனைக்காரர் கீழ்வாய்க்காலுக்குள் இறங்கி நின்று காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கணுக்காலை மூடி மெல்ல மெல்ல ஏறியது. முழங்காலுக்கு நாலு விரல் கீழே வந்து நின்றது. அவர் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு கரையில் நின்ற காக்காவைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கக்கூடிய குரலில், "விதானையார், வேலைய விடுறதெண்டு சொன்னீங்களாம். ஆர் உங்கள விடப்போறா?" என்றார்.

காக்கா சால்வையால் முகத்தைத் துடைத்தார். வியர்வை என்று நாங்கள் எல்லாரும் எடுத்துக்கொண்டோம்.

பழைய கட்டை நூதனசாலைக்குத் திரும்பி வந்தது. அட்டையைக் கிழித்துவிட்டு, "இதை நான் வெயிலில் காயவைத்ததால் கெட்டது" என்று புதிதாக எழுதி, கீழே என் கையொப்பத்தையும் வைத்தேன். பார்க்க வந்த டி.ஆர்.ஓ., நூதனசாலையில் இப்படியெல்லாம் எழுதுவதில்லை என்றார். இந்த நூதனசாலையில் எழுதுவோம் என்றேன்.

கட்டை போட்டதற்கு அடுத்த நாள் காலையில் நான் அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். முற்றத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. காக்கா உள்ளே வந்து, வழமையான இடத்தில் உட்கார்ந்தார். உம்மா தேநீரை வைத்தார். முழுக் கோப்பையையும் அவர் குடித்து முடித்தார்; நான் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டியிலிருந்து ரொட்டியை வழமைபோல வெறுங்கையால் புரட்டப் போனேன்.

"புள்ள," என்றார் காக்கா, "அகப்பையால புரட்டு. ரெண்டு வட்டைத் தண்ணியும் அந்தக் கையிலதான் இரிக்கி."